இருபது வருடம் கழித்து மறுபடி கிட்டார்: எலெக்ட்ரிக் வாங்கப் போகிறவர்களுக்கு

கடைக்குப் போவதை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள். கல்லூரியில் வாசித்துவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று 15, 20 வருடம் கிட்டாரைத் தொடாமல் இருந்து, இப்போது ஆசை திரும்பி, அந்த வாரமே பணத்தைக் கட்டுகிறவர்கள்தான் அநேகமாகத் தப்பான கிட்டாரோடு வீட்டுக்கு வருகிறார்கள். விரல் நுனி மெத்தென்று ஆகியிருக்கும். அந்த விரலுக்கு எல்லாக் கிட்டாரும் வலிக்கும். தளர்ந்த, மெல்லிய கம்பி போட்டது மட்டும் சுகமாக இருக்கும். அந்தச் சுகம் ஒரு மாதத்தில் காலாவதி ஆகிவிடும்.

பரணில் கிடக்கும் பழைய அக்கூஸ்டிக்கை இறக்கிப் புதுக் கம்பி மாட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். தினமும் 15 நிமிடம் போதும். விரல் நுனி காய்க்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்று மணி நேரம் உட்கார்ந்து கொப்புளம் கிளப்பிக்கொண்டால் அடுத்த வாரம் முழுக்கப் போச்சு.

அந்த நாட்களில் இரண்டு விஷயத்தைக் குறித்து வையுங்கள். முதலாவது, கை தானாகப் போய் வாசிக்கும் ஐந்து பாட்டு. எண்பதுகளின் இளையராஜா இசையில் பின்னால் மணிமணியாகக் கேட்குமே, அந்த மாதிரித் தெளிவான கிட்டாரா, சர்ச்சில் கார்டு (பல கம்பிகளில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடிப்பதா, டிஸ்டார்ஷன் என்ற கரகர ஒலி போட்டுப் பவர் கார்டு அடிப்பதா, கம்பியை இழுத்து இழுத்து வாசிக்கும் ப்ளூஸா? இரண்டாவது, எங்கே வலிக்கிறது என்பது. நுனி வலி போய்விடும். கட்டைவிரலின் அடி, மணிக்கட்டு, தோள் ஆகிய இடங்களில் வரும் வலி கிட்டாரின் அளவையும் எடையையும் பொறுத்தது. அது தானாகப் போகாது.

ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் கிட்டார் இந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் கடையில் காசைக் கொடுக்க வைப்பது பெரும்பாலும் அந்தப் போஸ்டர்தான். இன்றைய கை, இன்றைய ஹால், பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் ஆகியோருக்காக வாங்குங்கள்.

கைக்கு எந்த அளவு

ஸ்கேல் என்பது நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும், பள்ளமிட்ட சிறு துண்டு) பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பியைத் தாங்கும் பகுதி) வரை கம்பி அதிரும் நீளம். ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் வகையில் 24.75 அங்குலம், ஏறத்தாழ 628 மி.மீ. பிஆர்எஸ் கம்பெனியின் வழக்கமான அளவு 25 அங்குலம். முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். முதல் மூன்று ஃப்ரெட் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரையிலான மொத்த நீளம் ஃபெண்டரில் 103 மி.மீ., கிப்சனில் 100 மி.மீ. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் எஃப் பார் கார்டைப் பிடிக்கும்போது சுண்டுவிரலுக்கு அந்த 3 மி.மீ. நன்றாகவே தெரியும். இழுவிசையிலும் வித்தியாசம் உண்டு: ஒரே தடிமன் கம்பியை ஒரே சுருதியில் வைத்தால் நீளமான ஸ்கேலில் சுமார் 6 சதவீதம் கூடுதல் இறுக்கம். 45 வயதுக்கு மேல் விரல் மூட்டு காலையில் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. குட்டை ஸ்கேல் எடுத்து 10-46 கம்பி போடலாம், அல்லது நீண்ட ஸ்கேலில் 9-42 போடலாம். இரண்டில் 9-42தான் கைக்கு இன்னும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். 10 என்பது முதல் கம்பியின், அதாவது மிக மெல்லியதின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது 0.25 மி.மீ.

நட்டின் அகலம் 41 முதல் 43 மி.மீ. வரை இருக்கும். விரல் தடித்தவர்கள் 43 பக்கம் போகலாம். கார்டு பிடிக்கையில் பக்கத்துக் கம்பியில் விரல் பட்டுச் சத்தம் மழுங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டின் குறுக்கு வளைவும் முக்கியம். இதை ரேடியஸ் என்பார்கள். பழைய பாணி ஃபெண்டரில் 7.25 அங்குலம், எண் சிறிதாக இருந்தால் பலகை உருண்டை. இன்றைய ஃபெண்டரிலும் அதன் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரிலும் பெரும்பாலும் 9.5, கிப்சனிலும் அதன் விலை குறைந்த பிராண்டான எபிஃபோனிலும் 12, யமஹா பசிஃபிக்கா 112இல் 13.75, ஐபனெஸில் பல மாடல்கள் 15.75. உருண்டைப் பலகையில் கார்டு பிடிப்பது சுகம். ஆனால் கம்பியைத் தாழ்த்தி வைத்து 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் முழு ஸ்வரம் இழுத்தால், கம்பி பலகையின் மேட்டில் முட்டிச் சத்தம் செத்துவிடும். கார்டும் கொஞ்சம் லீடும் (தனித்தனி ஸ்வரங்களாக வாசிக்கும் மெட்டு) வாசிப்பவருக்கு 9.5 முதல் 12 வரை எதுவும் சரி.

எடையைக் கடைக்காரரும் சொல்லமாட்டார், விளம்பரமும் சொல்லாது. கிப்சனின் லெஸ் பால் வகை 4 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை 3.2 முதல் 3.8 கிலோ. கிப்சனின் எஸ்ஜி 3 கிலோவை ஒட்டி இருக்கும், ஆனால் உடல் லேசாக இருப்பதால் ஸ்ட்ராப்பில் (தோள்வார்) தொங்கும்போது நெக், அதாவது கழுத்து, தரையை நோக்கிச் சாயும். இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். டெலிகாஸ்டரின் விளிம்பு மரப்பலகை போல் கூர்மையாக இருக்கும். அரை மணி நேரத்தில் வலது முன்னங்கையில் கோடு விழும். உட்கார்ந்து வாசிப்பதுதான் அதிகம் என்றால் உடலுக்கு ஏற்பச் செதுக்கிய ஸ்ட்ராட் வடிவத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. ‘வி’ வடிவக் கிட்டார் தொடையில் நிற்காது, வழுக்கும்.

வாங்கும்போது யாரும் யோசிக்காத ஒன்று: நெக்கின் பக்கவாட்டில் இருக்கும் புள்ளிகள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு, கறுப்புப் பலகையில் கடுகளவு வெள்ளைப் புள்ளி அரை இருட்டில் தெரியவே தெரியாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து, ஐந்தாவது ஃப்ரெட் எது, ஏழாவது எது என்று உடனே தெரிகிறதா பாருங்கள்.

பிக்கப்பும் வீட்டுக் கரண்டும்

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள். அதில் சிங்கிள் காயில் வகையின் ஒலி தெளிவு, பளிச்சென்று இருக்கும். கூடவே நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘உம்’மென்ற இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், சோக் வைத்த ட்யூப் லைட், பழைய வகை இன்வெர்ட்டர் இவை எல்லாம் இருக்கும் வீட்டில், டிஸ்டார்ஷனைக் கூட்டியதும் ‘ர்ர்ர்’ என்று கேட்கும். கிட்டார் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. நாற்காலியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் கூடி, இன்னொரு திசையில் அடங்கினால் அது வெளியிலிருந்து வருவது. ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தாலும் பெரும்பாலும் குறையும்.

ஹம்பக்கர் இந்தத் தொல்லைக்காகவே பிறந்தது. 1955இல் கிப்சனில் சேத் லவர் வடிவமைத்தார். இரண்டு காயில்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்ததால், இரண்டும் பிடிக்கும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் ஒலி மட்டும் சேர்ந்து தடிமனாக வரும்.

உங்கள் ஐந்து பாட்டும் ஐந்து மாதிரி என்றால், எச்எஸ்எஸ் என்று சொல்லும் அமைப்பை எடுங்கள்: பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் நெக் பக்கமும் சிங்கிள் காயில். திரும்பி வருகிற பெரும்பாலானவர்களுக்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை. யமஹா பசிஃபிக்கா 112வி இந்த வகையில் நீண்ட காலமாக நிற்கும் கிட்டார். ஆல்டர் மர உடல், ஹம்பக்கரைப் பாதியாக்கிச் சிங்கிள் காயில் போல் ஒலிக்க வைக்கும் இழு-தள்ளு நாப், 22 ஃப்ரெட். அதே பெயரில் வரும் 012இல் அந்த நாப் கிடையாது. பெயர் ஒன்றுதானே என்று ஏமாற வேண்டாம். ஸ்குவையரில் அஃபினிட்டி, அதற்கு மேல் க்ளாசிக் வைப். தடித்த ஒலி மட்டுமே வேண்டுமென்றால் எபிஃபோனின் லெஸ் பால், எஸ்ஜி. மெல்லிய நெக்கும் 24 ஃப்ரெட்டும் வேண்டுமென்றால் ஐபனெஸ். கார்ட் நிறுவனத்தைப் பலர் பெயர் தெரியாத கம்பெனி என்று ஒதுக்குவார்கள். வேறு பெரிய பெயர்களுக்கு இந்தோனேசியாவில் கிட்டார் செய்து கொடுப்பவர்களே அவர்கள்தான்.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இந்த விலையில் உடல் பாப்லரா பாஸ்வுட்டா என்பதைவிட பிக்கப்பின் உயரம் ஒலியை அதிகம் மாற்றும். ஃப்ரெட்போர்டு மரத்தில் மட்டும் ஒரு சுவாரசியம் உண்டு. உலகம் முழுக்க கிட்டாருக்குப் போகும் இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில் அந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், கம்பெனிகள் வேறு மரங்களுக்குத் தாவின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. ஸ்குவையர் பட்டியலில் ‘இந்தியன் லாரல்’ என்று போட்டிருப்பது நம் கருமருது. ரோஸ்வுட் இல்லையே என்று விலை பேசாமல் வர வேண்டியதில்லை.

ஆடும் பிரிட்ஜ் வேண்டுமா

ஆடும் பிரிட்ஜில் ஒரு கைப்பிடியை அழுத்திச் சுருதியை அலைய வைக்கலாம். அதில் ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பூட்டு பிரிட்ஜைத் திரும்பி வருகிறவர் தவிர்ப்பது நல்லது. அதில் கம்பிகளின் இழுப்பும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் இழுப்பும் சமமாக நிற்பதால்தான் சுருதி நிற்கிறது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். கம்பி மாற்றும்போது உருண்டை முனையை வெட்டி, ஆலன் சாவியால் இறுக்கி, நட்டின் பூட்டைத் திறந்து மூடி, முதல் முறை ஒரு மணி நேரம் போய்விடும். கிடைப்பதே வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் அதில் ஒன்றை இதற்குக் கொடுக்க முடியுமா?

ஸ்ட்ராட்டின் சாதாரண ஆடும் பிரிட்ஜ், அதாவது ட்ரெமலோ, பரவாயில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டிய தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் சமமாக இறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அது நிலையான பிரிட்ஜ் மாதிரிதான். 9இலிருந்து 10 கம்பிக்கு மாறும்போது பிரிட்ஜ் முன்னால் எழும்பி, கம்பி உயர்ந்து, எதுவும் சரியாக இல்லாததுபோல் தோன்றும். மருந்து அதே இரண்டு ஸ்க்ரூதான்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

மொத்தத்தையும் கிட்டாரில் போட்டுவிட்டு, ஆம்பை (ஒலிபெருக்கி) ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடுவது பொதுவான தப்பு. கையில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24,000-25,000 கிட்டாருக்கு, 10,000 ஆம்புக்கு, மிச்சம் செட்டப்புக்கும் (நெக், கம்பி உயரம் எல்லாம் சரிசெய்யும் வேலை) சில்லறைக்கும். சில்லறை என்றால்: 3 மீட்டர் கேபிள், க்ளிப் ட்யூனர், அகலமான ஸ்ட்ராப், இரண்டு செட் கம்பி, ஸ்டாண்ட், 0.7 முதல் 0.9 மி.மீ. வரை நான்கைந்து பிக்.

ஃப்ளாட்டில் இருப்பவருக்கு 20 வாட் டிஜிட்டல் ஆம்ப் தாராளம். ஹெட்ஃபோன் துளை கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் வாசிக்க நேரம் கிடைப்பதே இரவு பத்துக்கு மேல்தான். 15 வாட் வால்வ் ஆம்ப் என்றால் எண்ணைப் பார்த்துச் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் நல்ல ஒலி வரும் அளவுக்குத் திருகினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை உடைத்து இரண்டு துளை சாக்கெட்டில் செருகுவது, எர்த் வராத எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடுவது இரண்டும் ஆபத்து. கம்பியைத் தொட்டபடி மைக்கையோ லேப்டாப்பின் உலோக உடலையோ தொடும்போது சுரீர் என்றால் உடனே நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடையில் அரை மணி நேரம்

கூட்டமில்லாத வார நாள் காலையில் போங்கள். உங்கள் பிக், இரண்டு பழைய ஏடிஎம் கார்டு, க்ளிப் ட்யூனர், பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசு இவற்றை எடுத்துச் செல்லுங்கள். கார்டு எதற்கு என்றால், எல்லா ஏடிஎம் கார்டின் தடிமனும் 0.76 மி.மீ. இரண்டை அடுக்கினால் ஒன்றரை மி.மீ. பைசா செலவில்லாத அளவுகோல். எழுத்து புடைத்திருக்கும் பழைய கார்டாக இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பில் மாட்டாமலேயே தொடங்குங்கள். சுருதி சேர்த்தபின் கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கின் இரண்டு விளிம்பையும் நூல் பிடித்ததுபோல் பாருங்கள். மெல்லிய உள்வளைவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி ஓடாமல் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கீழே வையுங்கள், அடுத்ததை எடுங்கள். முறுக்கலுக்குச் சுலபமான மருந்து கிடையாது.

அடுத்து நெக்கின் உள்வளைவு. மிகத் தடித்த ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். ஒரு கை போதாதென்றால் முதல் ஃப்ரெட்டில் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் க்ளிப்) போடுங்கள். இப்போது 7, 8ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் உலோகத்துக்கும் நடுவே கால் மில்லிமீட்டர், விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்னால் வளைந்திருக்கிறது. ஏடிஎம் கார்டே நுழைகிறது என்றால் முன்னால் அதிகம் வளைந்திருக்கிறது. இரண்டும் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யக் கூடியவை. கடைக்காரரிடம் அங்கேயே கால் சுற்று திருகிக் காட்டச் சொல்லுங்கள். ராட் அசையவே மறுத்தால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

பிறகு நட். கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். முடியளவு சந்து இருக்க வேண்டும். மேலே விரலால் தட்டினால் மெல்ல ‘டிக்’ கேட்கும். விலை குறைந்த புதுக் கிட்டார்களில் அடிக்கடி இங்கேதான் குறை: நட்டின் பள்ளத்தைப் போதுமான ஆழம் அராமல் அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் எஃப் கார்டு கையைக் கொல்கிறது, முதல் இரண்டு ஃப்ரெட்டில் சுருதியும் ஏறிக் கேட்கிறது. ‘எனக்கு வயசாயிடுச்சு, பார் கார்டு வரல’ என்று நினைப்பவர்களில் பலருக்கு நட்தான் காரணமாக இருக்கும். அளவான அரத்தால் அராவினால் தீர்ந்தது. அதிகம் அராவிவிட்டால் மட்டும் நட்டையே மாற்ற வேண்டும்.

12ஆவது ஃப்ரெட்டின் மேல் இரண்டு கார்டையும் படுக்கவைத்து நகர்த்துங்கள். முதல் கம்பிக்கு அடியில் உரசிக்கொண்டு நுழைந்தால் நல்ல உயரம். ஆறாம் கம்பிக்கு அடியில் கொஞ்சம் கூடுதல் இடம், 1.8 முதல் 2 மி.மீ. இருக்கலாம். உயரம் அதிகமாக இருப்பதால் மட்டும் ஒரு கிட்டாரை ஒதுக்காதீர்கள். சேடிலின் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) ஸ்க்ரூவை இறக்கினால் போதும், இறக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உள்ளங்கையை நெக்கின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டுங்கள். ஃப்ரெட்டின் முனைகள் ஊசிபோல் குத்தினால், ஷோரூம் ஏசியில் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது, உலோகம் சுருங்கவில்லை என்று அர்த்தம். அராவிச் சரிசெய்யலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்.

இப்போது பொறுமை வேண்டும். ஆறு கம்பி, 22 ஃப்ரெட், மொத்தம் 132 ஸ்வரம். ஒவ்வொன்றையும் நடுத்தர அழுத்தத்தில் ஒருமுறை மீட்டுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் கிட்டாரின் ஜாதகமே கையில் வந்துவிடும். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் ‘ஜ்ஜ்’ என்றால் நெக் அதிகம் நேராகிவிட்டது. 12க்கு மேல் மட்டும் என்றால் கம்பி அதிகம் தாழ்ந்திருக்கிறது, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் மேடு தட்டியிருக்கிறது. ஒரே ஒரு இடத்தில், சில கம்பிகளில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. ஏடிஎம் கார்டின் ஓரத்தை அந்த ஃப்ரெட்டும் அதன் இரு பக்கத்து ஃப்ரெட்டும் மட்டும் படும்படி நிறுத்தினால் ஊஞ்சல் போல் ஆடும். புதுக் கிட்டாரில் இதற்காக ரிப்பேருக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே மாடலில் வேறு ஒன்றைக் கேளுங்கள். ஆம்பில் மாட்டியபின் கேட்காத சிறு உரசலைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஆம்பில் மாட்டும்போது க்ளீன் ஒலியில், ரிவெர்ப் (எதிரொலி) அணைத்து, நீங்கள் வாங்கப்போகும் அளவு சின்ன ஆம்பில் கேளுங்கள். கடையின் விலையுயர்ந்த ஆம்பில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்விட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஒலி வருகிறதா, நாப்பைத் திருகும்போது கரகரக்கிறதா, கேபிளின் முனையை ஆட்டினால் ஒலி விட்டு விட்டு வருகிறதா பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் வயரிங் சரி. தொட்டால் கூடுகிறது என்றால் எங்கோ இணைப்பு தப்பு.

கடைசியாகச் சுருதி. ட்யூன் செய்து, ஒவ்வொரு கம்பியையும் மூன்று முறை பலமாக இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். கீயைத் திருகும்போது ‘டிங்’ என்று ஒரு சொடுக்குச் சத்தம் வந்து சுருதி குதித்தால், கம்பி நட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. கீ மோசம் என்று சொல்லி விலையுயர்ந்த கீயை உங்களிடம் விற்கப் பார்ப்பார்கள். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

எடையைத் தராசில் பார்த்து, ஸ்ட்ராப் மாட்டிப் பத்து நிமிடம் நின்று வாசியுங்கள். கடைப்பையன் மின்னல் வேகத்தில் வாசித்துக் காட்டினால் ரசியுங்கள், ஆனால் முடிவை அதை வைத்து எடுக்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பித் தரும் கால அவகாசத்தை முதலில் படித்துவிட்டு, பெட்டி திறப்பதை வீடியோ எடுத்து, இதே சோதனைகளை அந்த அவகாசத்துக்குள் வீட்டில் செய்யலாம்.

பழையது, வெளிநாட்டிலிருந்து வருவது

பழைய கிட்டார் நல்ல பேரமாக அமையலாம். மூன்று இடத்தைப் பாருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பிக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா. ஆழமாக இருந்தால் ஃப்ரெட் மாற்றும் செலவு கிட்டார் விலையில் பாதியைத் தின்றுவிடும். ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா. லெஸ் பால், எஸ்ஜி வகையில் நட்டுக்குப் பின்னால், தலை சாயும் இடத்தில் மயிரிழை விரிசலோ ஒட்டுப்போட்ட தடமோ உண்டா. அந்த வகை கீழே விழுந்தால் உடைவது பெரும்பாலும் அங்கேதான். கிப்சன் பெயர் போட்ட போலிகளும் சுற்றுகின்றன. உண்மையான கிப்சனில் ட்ரஸ் ராட் மூடிக்குப் பொதுவாக இரண்டு ஸ்க்ரூ. மூடிக்கு அடியில் ராடைத் திருகும் பித்தளை மரை இருக்கும். மூன்று ஸ்க்ரூவும் உள்ளே ஆலன் சாவித் துளையும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் எடுத்துவந்து தருவதாகச் சொன்னால் கிட்டாருக்குச் சரி சொல்லுங்கள், ஆம்புக்கு யோசியுங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. பின்பக்கத்தில் 100-240 என்று எழுதியிருந்தால் மட்டுமே நேராக மாட்டலாம். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கிட்டார் சரக்காக வருவதென்றால் கெட்டியான பெட்டி, கம்பியை ஒன்றிரண்டு ஸ்வரம் தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். சுங்கவரியையும், இங்கே வாரண்டி செல்லாது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஃபேக்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, நீங்கள் முடிவு செய்த தடிமனில் புதிது மாட்டுங்கள். செட்டப்பை ஒருமுறை தெரிந்தவரிடம் காசு கொடுத்துச் செய்துகொண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த முறை நீங்களே செய்யலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது: சுருதி, நெக் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்பது), பிக்கப் உயரம். முந்தையதை மாற்றினால் பிந்தையது எல்லாம் மாறும்.

ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். வலப்பக்கம் திருகினால் நெக் நேராகும், இடப்பக்கம் திருகினால் வளைவு கூடும். திருகியதும் சுருதி சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள். இன்டொனேஷனுக்கு, 12ஆவது ஃப்ரெட்டின் மேல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கையும் அழுத்தி மீட்டும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால், நெக்கை விட்டு விலக்கி நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பழைய கம்பியில் இதைச் செய்வது வீண் வேலை, அது எப்படியும் பொய் சொல்லும். பிக்கப்பைக் கம்பிக்கு மிக நெருக்கமாக ஏற்றாதீர்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி 2 முதல் 2.5 மி.மீ. இடைவெளி நல்ல தொடக்கம். சிங்கிள் காயிலை அதைவிட ஏற்றினால் காந்தம் தடித்த கம்பியைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலைகிற மாதிரி ஒரு விகாரமான ஒலி வரும்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் கம்பிக்கு எமன் வியர்வையும் உப்புக் காற்றும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலும் பிடித்து ஒருமுறை துடைத்தால் ஆயுள் கூடும். கை அதிகம் வியர்ப்பவர்கள் பூச்சுப் போட்ட கம்பி வாங்கலாம். பெட்டிக்குள் வைத்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுங்கள். ஆனால் பெட்டிக்குள் வைத்த கிட்டாரை யாரும் தினம் எடுப்பதில்லை. ஸ்டாண்டில், ஏசிக் காற்று நேராகப் படாத, ஜன்னல் வெயில் விழாத சுவரோரம் நிறுத்துங்கள்.

ஒரு மாதம் கழித்து நெக் வளைவை மறுபடி அளக்க வேண்டும். கடையின் ஏசியிலிருந்து உங்கள் ஹாலின் ஈரப்பதத்துக்கு வந்த மரம் அதற்குள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கால் சுற்றில் சரியாகிவிடும். அதற்குப் பிறகு கத்திரி வெயிலுக்கு ஒருமுறை, ஐப்பசி அடைமழைக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.